தோளேறும் தோணி



தோணியின்மேல் மனிதன் ஏறுவது உலக வழக்கு. மனிதன்மேல் தோணி ஏறும் நாடு ஒன்றும் உண்டு. அந்நாட்டிலே, நீரில் மிதப்பதற்கும் தோளிற் சுமப்பதற்கும் ஒருங்கே ஏற்றதான இலேசான தோணியைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மானிப்பாயிலிருக்கும் பாடசாலை அதிபர் ஒருவருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. எங்கள் ஊர் கடற்கரை ஊரன்று. மாரி காலத்தில் வழுக்கையாறு பெருகி வயல்கள் வெள்ளக்காடாகும்போது, வாழைக் குற்றிகளைத் தடியாற் கோத்துத் தெப்பமாக்கி, அதன்மேல் ஏறி நின்று, பின் வீட்டுக்கு வந்து தாயாரிடம் அடி வாங்கியதே என் இளமைக் காலக் கப்பலோட்டம். எனினும், கனடாவில் ஓர் உறவினராவது இல்லாத குடும்பத்தை யாழ்ப்பாணத்தில் இன்று காண்பது அரிது. அங்கே எங்கள் பிள்ளைகள் கோடை காலத்தில் காட்டு ஏரிகளுக்குச் செல்கிறார்கள். இங்கிருந்து விருந்தாளிகளாகச் செல்லும் பெரியவர்களையும் கூட்டிச் செல்கிறார்கள். அவ்வாறு சென்றவர்களுள் நானும் ஒருவன். சென்றபோது ஒரு பிழை நேர்ந்தது. அந்தப் பிழையிலிருந்து நான் கற்றதையே உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் அந்த நாட்டின் நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லாலானது. பெய்த மழை கல்லின் வெடிப்புகளிற் புகுந்து நிலத்தடியே மறைந்துவிடும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதி இதற்கு நேர்மாறானது. அங்கே நிலத்தின் அடித்தளம் மிகப் பழைய கருங்கற் பாறை. பனியூழிக் காலத்தில் அப்பாறையை உறைபனிப் பாளங்கள் சுரண்டிப் பள்ளமாக்கின. பனி உருகிய பின் பள்ளங்கள் ஏரிகளாயின. ரொறன்ரோ நகருக்கு வடக்கே, மூன்று நான்கு மணி நேரப் பயணத்தில், அல்கொன்குவின் மாகாணப் பூங்கா இருக்கிறது. 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அப்பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 7,600 சதுர கிலோமீற்றர். அதனுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. தோணியிற் செல்லும் வழிகள் மட்டும் 2,000 கிலோமீற்றருக்கு மேல் நீளுகின்றன. உட்காட்டுக்கு மோட்டார் வண்டிப் பாதை கிடையாது. துடுப்பு வலித்தோ கால்நடையாகவோதான் செல்லவேண்டும்.

ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குச் செல்ல நீர்வழி எப்போதும் இராது. இடையிலே காடும் மேடும் கிடக்கும். அல்லது பாறைகளில் மோதி ஓடும் ஆறு கிடக்கும். அவ்விடத்தில் பயணிகள் கரையேறுவர். தோணியைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றுவர். மூட்டைகளை முதுகில் ஏற்றுவர். காட்டுப் பாதையால் நடந்து அடுத்த ஏரியை அடைந்து மீண்டும் தோணியை நீரில் இறக்குவர். இந்தச் சுமத்தலையும் அந்தப் பாதையையும் 'போர்ட்டேஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல்லால் வழங்குவர். நான் அதனைச் சுமைவழி என்று சொல்லப்போகிறேன். 1848ஆம் ஆண்டில் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கி, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, பெயரில்லாத பொருள்களுக்கெல்லாம் தமிழிற் பெயர் தேடிய வைத்தியர் சாமுவேல் கிறீன் வாழ்ந்த ஊர் எங்களுடையது. அந்த ஊர்க்காரன் ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டால் நேயர்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்பது என் நம்பிக்கை.

இந்த முறையைக் கண்டவர்கள் அந்நாட்டின் ஆதிக்குடிகள். அவர்கள் பேர்ச் என்னும் மரத்தின் பட்டையை உரித்து, சீடர் மரச் சிம்புகளால் வங்கு வைத்து, ஊசியிலை மரத்தின் வேரால் தைத்து, அம்மரத்தின் பிசினால் பொருத்துகளை அடைத்துத் தோணி கட்டினர். 'கனூ' என்று இன்று அழைக்கப்படுவது அதன் வழி வந்ததே. அங்கே சென்ற ஐரோப்பியர் தம்முடைய கனத்த மரப் படகுகள் அந்த ஆறுகளிற் பயன்படா என்பதை விரைவில் உணர்ந்தனர். பின்னர் ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்குமன்று, நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்கின் மென்மயிர்த் தோலுக்காகப் பெரு வாணிகம் நடந்தது. அந்த வாணிகம் பெரும்பாலும் மரப்பட்டைத் தோணியின்மேலேயே மிதந்தது. மொன்றியலிலிருந்து புறப்பட்ட பெருந்தோணிகள் 36 அடி வரை நீளமானவை. சுமைவழிகளில் ஒவ்வொரு தோணிக்காரனும் 90 இறாத்தல் நிறையுள்ள பொதிகள் இரண்டை ஒரே நடையிற் சுமப்பது வழக்கமாயிருந்தது. அவர்களுடைய உடல் வலிமையை நாம் வியக்கலாம், பின்பற்ற முயலக்கூடாது.

தோணியைச் சுமப்பது எமக்கு முற்றிலும் புதிதான செய்தியும் அன்று. எங்கள் கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போய் வந்தவர்கள் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தோளிற் சுமந்து சென்று கரையில் உலரவிடுவார்கள். கனமற்ற மரமாகத் தேடி எடுத்ததும் அதற்காக, உலரவிடுவதும் அதற்காக. நனைந்த மரம் கனக்கும். கனத்த மரம் கடலிலும் சோம்பும், கரையிலும் முதுகை முறிக்கும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசவேண்டியதே. ஆயினும், ஆழ்கடலைத் தாண்டிய கப்பலுக்குரிய இலக்கணம் வேறு; மூன்று பேர் தூக்கி நடக்கும் தோணிக்குரிய இலக்கணம் வேறு. இந்த வேற்றுமையை மறந்ததே எங்கள் பிழை.

என் தம்பி ரொறன்ரோவில் வாழ்பவன். சில ஆண்டுகளுக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் அவனிடம் சென்றிருந்தேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரை விட்டு வந்துவிட்டேனே என்ற குறை எனக்கு. அதை மாற்ற எண்ணியவன்போல், "அண்ணை, உங்களை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்றான். வீட்டின் பின்புறத்தில் பதினேழடி நீளமான தோணியொன்று கிடந்தது. தடித்த பிளாத்திக்கினாற் செய்யப்பட்டது; பழையது; மலிவாக வாங்கியது. "சுத்தியலால் அடித்தாலும் உடையாது" என்று அதை அவன் தட்டிக் காட்டினான். அதன் நிறை 85 இறாத்தல், அதாவது 38 கிலோகிராமுக்கு மேல் என்பதைப் பின்னரே அறிந்தோம். அப்போது அதை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

தம்பியும், பதினாறு வயதான என் பெறாமகளும், நானும் புறப்பட்டோம். ஏரியிலே அத்தோணி அழகாகவே மிதந்தது. முதலாவது சுமைவழி முந்நூறு மீற்றர். தம்பி தோணியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க நடந்து முடித்தான். இரண்டாம் நாள் வந்த சுமைவழியோ ஒன்றரைக் கிலோமீற்றர்; ஏற்றமும் இறக்கமும் சேறும் மர வேர்களும் நிறைந்தது. பாதி வழியில், ஈரமான வேரொன்றில் அவன் கால் வழுக்கியது. தோணி ஒரு பக்கம் விழுந்தது. அவன் மறுபக்கம் விழுந்தான். நல்வேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் வீங்கி, நிலத்தில் ஊன்ற முடியாமற் போயிற்று.

நேயர்களே, அந்தக் காட்டிலே கைத்தொலைபேசி வேலை செய்யாது. நானும் பெறாமகளும் அந்தத் தோணியைத் தூக்க முயன்றோம். இடுப்பளவுக்கு உயர்த்த முடிந்தது. அதற்குமேல் முடியவில்லை. இழுத்துச் செல்லலாமென்று பார்த்தோம். வேர்களும் கற்களும் விடவில்லை. மாலை நான்கு மணியாயிற்று, ஐந்து மணியாயிற்று. மழை தூறத் தொடங்கியது. அப்போதுதான் எதிர்ப்புறமிருந்து இரண்டு இளைஞர்கள் தம் தோணியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். எங்கள் நிலையைக் கண்டு தமது தோணியை ஓரமாக வைத்துவிட்டு, எங்களுடையதை ஏரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்கள் வந்திராவிட்டால் அன்றிரவை அவ்விடத்திலேயே கழித்திருப்போம்.

அன்று தம்பி ஒன்றும் பேசவில்லை. அவன் என்ன நினைத்தான் என்பது எனக்குத் தெரியும். 1992ஆம் ஆண்டில் நாங்கள் இருவரும் ஓர் இரவு கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தோம். விளக்கில்லாத இரவு. ஆட்களும் சைக்கிள்களும் மூட்டைகளும் நிறைந்து, விளிம்பிலிருந்து நீர் நான்கு விரற்கிடை தூரத்தில் இருந்தது. அன்று படகைத் தெரிவு செய்யும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. எது வந்ததோ அதில் ஏறினோம். மறுநாட் காலை கூடாரத்துக்குள் இருந்தபடி அவன் சொன்னான்: "அண்ணை, அண்டைக்கு வேறு வழியில்லாமல் ஏறினோம். இண்டைக்குத் தெரிவு செய்யக்கூடிய நிலையில் இருந்தும், யோசிக்காமல் ஏறிவிட்டோம்." அந்தச் சொல் என் நெஞ்சிற் பதிந்துவிட்டது. தெரிவு செய்யும் வாய்ப்பு என்பது பெரும்பேறு. அதனைப் பெற்றவன் சிந்தித்துத் தெரிவு செய்யக் கடமைப்பட்டவன்.

ஆகவே, அடுத்த தோணியை எப்படித் தெரிவு செய்தோம் என்பதைச் சொல்லுகிறேன்.

எங்கள் முதலாவது கேள்வி, 'இதைத் தூக்கப்போவது யார்?' என்பது. வலியவன் தூக்குவான் என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது பிழையான விடை. வலியவன் விழுந்த பின் யார் தூக்குவார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பெறாமகள் ஐம்பது கிலோகிராம் நிறையுள்ளவள். அவள் தனியே தூக்கித் தோளில் வைத்து, கால் மணி நேரம் நடக்கக்கூடிய தோணியே எங்களுக்கு ஏற்ற தோணி என்று முடிவு செய்தோம். குழுவிலே மெலிந்தவரின் தோளே தராசு.

இரண்டாவது, ஒரு சிறு கணக்கு. இதை எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். ஒரு பயணத்தில் வரும் சுமைவழிகளின் மொத்த நீளம் நான்கு கிலோமீற்றர் என்று கொள்வோம். தோணியையும் மூட்டைகளையும் ஒரே நடையிற் கொண்டுபோனால் நடப்பது நான்கு கிலோமீற்றர். இரண்டு நடையாகக் கொண்டுபோனால் எவ்வளவு? எட்டு என்று அவசரக்காரர் சொல்லுவர். சுமையோடு போகவேண்டும், வெறுங்கையோடு திரும்பி வரவேண்டும், மீண்டும் சுமையோடு போகவேண்டும். ஆகவே பன்னிரண்டு கிலோமீற்றர். தோணியும் மூட்டையும் இலேசாக இருந்தால் எட்டுக் கிலோமீற்றர் மிச்சம். அந்த மிச்சந்தான் பொழுது சாயுமுன் கூடாரம் அடிப்பதற்கும், ஓர் ஏரிக்கரையில் அமைதியாக இருப்பதற்கும் கிடைக்கும் நேரம்.

மூன்றாவது, தோணி எதனாற் செய்யப்பட்டது என்பது. மரச் சட்டத்தின்மேல் கித்தானைப் போர்த்து வண்ணம் பூசிய தோணி கண்ணுக்கு மிக அழகியது. ஆனால் பதினாறு, பதினேழடித் தோணி எழுபது இறாத்தலுக்குக் குறைவது அரிது. நாட்பட நீரை உறிஞ்சி மேலும் கனக்கும். இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில், விமானங்கள் கட்டிய குரூமன் நிறுவனம் அலுமினியத் தகட்டினால் தோணி செய்யத் தொடங்கியது. அது வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது, பராமரிப்பும் வேண்டாது. ஆயினும் பதினேழடித் தோணி எழுபது இறாத்தலுக்குமேல் நிற்கும். பாறையில் உரசினால் காடு முழுவதும் ஒலிக்கும். காலையில் தொட்டாற் பனிக்கட்டிபோற் குளிரும். றோயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாத்திக் ஒருகாலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. பழைய தோணிகளே இன்று கைமாறுகின்றன. தடித்த பொலித்தீன் தோணியின் குணத்தை எங்கள் அனுபவமே சொல்லிவிட்டது.

கண்ணாடியிழையை எங்கள் மீனவர் நன்கறிவர். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் துணையோடு தோன்றிய சீநோர் நிறுவனம் காரைநகரிலே கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. மரவள்ளம் கட்டிய ஓடாவிமாரின் காலம் மெல்ல மாறத் தொடங்கியது அப்போதுதான். அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதனினும் இலேசான துணியொன்று உண்டு. அதன் பெயர் கெவ்லார். 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியுபொன்ற் நிறுவனத்து ஆய்வுகூடத்தில் ஸ்ரெபனி குவொலெக் என்னும் பெண்மணி இவ்விழையைக் கண்டார். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவசத்துக்கும் இதுவே உதவுகிறது. இத்துணியை அச்சின்மேல் விரித்துப் பிசினூட்டி இறுக்கினால் தோணி பிறக்கிறது. பதினேழடிக் கெவ்லார்த் தோணி நாற்பதிலிருந்து ஐம்பது இறாத்தலுக்குள் அமையும். கரியிழை கலந்தவை அதனினும் குறையும். ஆனால் கரியிழை விலை கூடியது. பலத்த அடிபட்டால் நொறுங்கும் இயல்புடையது.

நான்காவது, வடிவம். நீண்ட தோணி நேராகவும் விரைவாகவும் செல்லும். குறுகிய தோணி வளைந்த ஓடைகளில் இலகுவாகத் திரும்பும். அடித்தளம் முற்றிலும் தட்டையாக இருந்தால், ஏறி இருந்தவுடன் ஆடாது. புதியவர் அதனை உறுதியென்று எண்ணி மகிழ்வர். அலை எழும்பும்போதோ அதே தட்டையான அடி அலையோடு சாய்ந்து கவிழப் பார்க்கும். மெல்லிய வளைவான அடி முதலில் சிறிது ஆடுவதுபோல் தோன்றும். ஆயினும் சாய்ந்த நிலையிலும் தாங்கும். ஆகவே கடைக்காரரின் குளத்தில் ஐந்து நிமிடம் இருந்து பார்த்து முடிவு செய்வது தகாது. அணியத்திலிருந்து கடையால் வரை அடிக்கோடு வாழைப்பழம்போல் வளைந்திருந்தால் தோணி எளிதில் திரும்பும். ஆனால் காற்றில் வழி தவறும். ஏரிப் பயணத்துக்கு அந்த வளைவு சிறிதே போதும்.

ஐந்தாவது, நுகம். ஆம், மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகம் என்ற சொல்லையே இங்கும் வழங்கலாம். தோணியின் நடுவிலே குறுக்காக, இரு தோள்களுக்கும் கழுத்துக்கும் ஏற்பக் குடைந்த மரமொன்று பொருத்தப்பட்டிருக்கும். கவிழ்த்த தோணி அதன் மூலமாகவே தோளில் அமரும். நுகம் சரியான நடுநிலையில் இல்லாவிட்டால், முன்புறம் தாழ்ந்து பாதையை மறைக்கும். அல்லது பின்புறம் இழுக்கும். நுகத்தைத் தோளில் வைத்துச் சில அடி நடந்து பாராமல் தோணி வாங்குவது, போட்டுப் பாராமற் செருப்பு வாங்குவதற்கு ஒப்பாகும். நிறையையும் அச்சிட்ட தாளில் நம்பாமல், அந்தத் தோணியையே நிறுத்துப் பார்க்கவேண்டும். இருக்கையும் விளிம்புக் கட்டையும் மாறினால் நிறையும் பல இறாத்தல் மாறும்.

இனி, இலேசாகும் ஆசைக்கும் ஓர் எல்லை உண்டென்பதைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஜோர்ஜ் வாஷிங்ரன் சியேர்ஸ் என்ற எழுத்தாளர் வாழ்ந்தார். நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதியவர், உருவிற் சிறியவர், நோயால் நலிந்தவர். அறுபது வயதைக் கடந்த அவருக்காக, 1883ஆம் ஆண்டில், ரஷ்ரன் என்ற தோணிக் கலைஞர் ஒன்பதடி நீளமான சீடர் மரத்தோணி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அதன் நிறை பத்தரை இறாத்தல் மாத்திரமே! எங்கள் ஊரில் ஒரு பலாப்பழத்தின் நிறை. அதிலே அவர் நியூயோர்க் மாநிலத்து அடிறொண்டாக் காடுகளில் 266 மைல் பயணஞ் செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சேரி காம்ப். சார்ள்ஸ் டிக்கின்ஸ் நாவலொன்றில் வரும் தாதி அவள். மதுவை விரும்புபவள், தண்ணீரைத் தொடாதவள். தன் தோணியும் உள்ளே தண்ணீர் கொள்ளாது என்பது அவருடைய நகைச்சுவை.

இக்கதையைக் கேட்டுப் பத்திறாத்தல் தோணியை நாடலாமா? கூடாது. அது ஒருவருக்கு, அதுவும் சிறிய உடம்புள்ள ஒருவருக்கு, அளவெடுத்துத் தைத்த சட்டை. மூவருக்கும் மூன்று நாள் உணவுக்கும் கூடாரத்துக்கும் இடம் வேண்டுமானால், தோணிக்கு நீளமும் ஆழமும் வேண்டும். பொருளேற்றிய பின்னும் விளிம்பு நீருக்குமேல் நன்றாக உயர்ந்து நிற்கவேண்டும். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் சொன்னதை நேயர்கள் அறிவீர்கள். தோணிக்கும் அது பொருந்தும். தோணியை மாற்றுவதற்கு முன்னரே மூட்டையைக் குறைப்பது இன்னும் மலிவான வழி. அல்கொன்குவின் உட்காட்டுக்குத் தகரப் பேணிகளையும் போத்தல்களையும் கொண்டுசெல்லத் தடை உண்டு. குப்பையைத் தடுக்க எழுந்த அந்தச் சட்டம் பயணிகளின் முதுகுக்கும் நன்மையே செய்கிறது. அரிசியும் பருப்பும் இடித்த மிளகாய்த்தூளும் எடுத்துச் செல்லும் எங்களவர்க்கு அது சுமையுமன்று.

இலேசான தோணிக்குக் கொடுக்கவேண்டிய விலை பணம் மட்டுமன்று. பணமும் கொஞ்சமல்ல, புதிய கெவ்லார்த் தோணி பல ஆயிரம் டொலர். அதற்குமேல், அது கவனத்தையும் விலையாகக் கேட்கும். பிளாத்திக் தோணியைக் கரையில் மோதவிட்டுக் குதிக்கலாம். கெவ்லார்த் தோணியை நீரில் மிதக்கவிட்டு, முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, பொருளை இறக்கி, பின்னர் தூக்கவேண்டும். ஆட்களை ஏற்றுவதும் மிதக்கும்போதுதான். வெயில் அவ்விழைக்குப் பகை. வீட்டில் நிழலில் வைக்கவேண்டும். வெறுமையாகக் கரையில் விட்டாற் காற்று தூக்கிச் செல்லும், மரத்தோடு கட்டவேண்டும். சேற்றிற் கால் நனைக்க விரும்பாதவர் இலேசான தோணிக்கு ஆசைப்படுதல் தகாது.

ஆகையால் தம்பிக்கு நான் கூறிய யோசனை, உடனே வாங்காதே, முதலில் வாடகைக்கு எடுத்துப் பார் என்பது. பூங்காவின் வாயில்களில் வாடகைக்குத் தோணி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கோடைக் காலத்தில் மூன்று வகைத் தோணிகளை அவன் எடுத்துச் சென்று பார்த்தான். ஒவ்வொன்றையும் முதலில் தூக்கியவள் பெறாமகள். இறுதியில் 43 இறாத்தல் நிறையுள்ள பதினேழடிக் கெவ்லார்த் தோணியொன்றை, ஒருவர் பாவித்ததை, வாங்கினான். வெளிப்புறத்தில் கீறல்கள் இருந்தன. உட்புறத்தில் துணி கிழியவோ பிரியவோ இல்லை. பாவித்த தோணி வாங்குவோர் வெளியைக் காட்டிலும் உள்ளையே நன்றாகப் பார்க்கவேண்டும். மேற்பூச்சிலுள்ள கீறல் அழகுக் குறை. உட்துணியில் வெடிப்பு உயிருக்குக் குறை.

சென்ற ஆண்டு மீண்டும் சென்றேன். அதே ஏரி, அதே ஒன்றரைக் கிலோமீற்றர்ச் சுமைவழி. பெறாமகள் தோணியைத் தொடைமேல் உயர்த்தி, ஒரு வீச்சில் உருட்டித் தலைக்குமேல் கொண்டுபோய், தோளில் இறக்கினாள். கவிழ்ந்த தோணியொன்றுக்கு இரண்டு கால்கள் முளைத்து நடந்ததுபோல் இருந்தது. தம்பி மூட்டையோடு பின்னாற் சென்றான். அவன் விழுந்த இடம் வந்தபோது, தோணிக்குள்ளிருந்து, "அப்பா, வேர் கவனம், பெரியப்பா, நீங்களும்" என்று குரல் வந்தது. எங்களை நடத்திச் சென்றவள் அவளே. நாங்கள் இரண்டு நடை நடக்கவில்லை.

ஒரு செய்தியைச் சொல்லாமல் முடித்தல் தகாது. எத்தனை நல்ல தோணியானாலும் நீந்தத் தெரியாதவரைக் காப்பாற்றாது. கனடாவின் சட்டப்படி, துடுப்புத் தோணியில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை, தண்ணீர் இறைக்கும் பாத்திரம், ஒலியெழுப்பும் ஊதல், பதினைந்து மீற்றர் நீளமான மிதக்குங் கயிறு ஆகியன இருத்தல் வேண்டும். மிதவைச் சட்டை தோணியில் இருந்தாற் போதாது, உடம்பில் இருக்கவேண்டும். அந்த ஏரிகளின் நீர் மே மாதத்திலும் உயிரை உறையச் செய்யும் குளிருடையது. விழுந்த பின் சட்டையைத் தேடி அணிய அவகாசம் தராது. பிள்ளைகளோடு ஏரிக்குச் செல்லும் எங்கள் பெற்றோர், "எனக்கு எதற்கு?" என்று அதை மடியில் வைத்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். கனடாவில் உறவினரோடு பேசும்போது இந்த ஒன்றையாவது சொல்லிவையுங்கள். கடனீரேரியும் கடலும் சூழ்ந்த எங்கள் நாட்டிலும், எங்கள் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிப்பது எழுத்தறிவித்தலுக்கு அடுத்த கடமை என்று நான் எண்ணுகிறேன்.

நேயர்களே, தோணி வாங்கும் வாய்ப்பு உங்களுட் பலருக்கு வராமற் போகலாம். ஆயினும், பலர் சேர்ந்து சுமக்கவேண்டிய எதனையும் தெரிவு செய்யும்போது, குழுவில் வலியவனைப் பார்த்து அளவெடாதீர்கள். மெலிந்தவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய தோளில் அது அமைதியாக அமர்ந்தால், எல்லோரும் கரை சேர்வீர்கள்.